பிரியா சிரிப்பதில்லை

1

நான் பம்பாயில் சொந்தமாக பியூட்டி பார்லர் வைத்திருப்பதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. கிளப்பிவிட்டது என் அம்மா. நான் இங்கே வந்து இந்த வைகாசியோடு இருபது வருடம் ஆகிறது. கூடப் படித்த சாந்தி, ஊர் இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது, முதலில் இந்தப் பேச்சைத் திருத்திவிடலாம் என்று தோன்றியது. எனக்குப் பார்லர் கிடையாது. ஒரு பை இருக்கிறது.

பெரிய பைதான். வேக்ஸ் சூடாக்கும் ஹீட்டர், கால் ஊறவைக்கும் டப், மடக்கு ஸ்டூல், துண்டுகள் எல்லாம் அதற்குள் அடங்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தாராவியிலிருந்து மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று வீடு வீடாகப் போகிறேன். வேண்டியவர்கள் ஃபோனில் கம்பெனியின் ஆப்பை அமுக்கினால், பக்கத்தில் இருக்கிற எங்களில் ஒருத்திக்கு அழைப்பு வரும். போய் வேலையை முடித்துவிட்டு வந்தால், அந்த அம்மா ஃபோனிலேயே ஸ்டார் போடுவார். ஐந்து என்றால் சந்தோஷம். நான்கு என்றால் கோபம். ஒன்று என்றால் என்ன என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

கம்பெனிக்காரர்களுக்குப் பேச்சியம்மாள் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. சேர்ந்த அன்றே பிரியா என்று மாற்றிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. யாராவது திட்டினால் அது பிரியாவைத்தான் சேரும்.

பிரியாவின் மேல் உள்ள புகார் எப்போதும் ஒன்றுதான். சிரிப்பதில்லை. வேலை செய்யும்போது எனக்கு முகம் இறுகிவிடும், உண்மைதான். ஒருத்தியின் புருவத்தில் நூலை வைத்து இழுக்கும்போது நான் சிரித்தால் புருவம் போய்விடும். இது கஸ்டமருக்குப் புரிவதில்லை. கொரோனா சமயத்தில் மட்டும் என் ஸ்டார்கள் பிரமாதமாக இருந்தன. முகக்கவசம் போட்டிருந்தேன்.

ஸ்டார் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் நம் ஐடியைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் அழைப்பு வராது, வேலை கிடையாது. நான் ரொம்ப நாளாக அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

2

முகத்துக்கு மார்க் வாங்குவது எனக்குப் புதிதில்லை. ஊரில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நினைவிருக்கிறதா? முதலில் வந்தவர்கள் தரகரிடம் சொல்லியனுப்பியது, "நெறம் கொஞ்சம் மட்டு." அடுத்து வந்தவர்கள் சொன்னது, "நெறம் பரவாயில்ல, முகத்துல சிரிப்பாணி இல்ல." ஒரே முகம்தான். அப்போது ஸ்டார் கிடையாது, தரகர் இருந்தார்.

மூன்றாவதாகப் பம்பாய் மாப்பிள்ளை வீடு வருகிறது என்றதும் அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாகப் பார்லர் திறந்திருந்த ஒரு அக்காவை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அக்கா என் முகம் முழுக்க ப்ளீச் பூசினாள். மாப்பிள்ளை வீட்டாரின் வேன் வழியில் நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. "லேட்டாத்தான வாராவ, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், நல்லா வெளுக்கும்" என்றாள் அம்மா. எரிகிறது என்று நான் சொன்னேன். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றாள் அந்த அக்கா.

கழுவியபோது இரண்டு கன்னமும் செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தன. அப்படியே தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். எரிச்சலில் தலை நிமிரவில்லை, கண்ணில் தண்ணீர். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு வெக்கம் பாருங்க" என்றார். சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிட்டது.

இடது தாடையில் அந்த எரிச்சல் ஒரு தழும்பாக இன்னும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் முருகேசனிடம் கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துத்தான் நிஜத்தைச் சொன்னேன். "அப்ப அது வெக்கம் இல்லியா?" என்று கேட்டார். வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டதற்கு அந்தப் பஸ் ஸ்டாண்டு அக்காவும் ஒரு காரணம். எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், யாருக்கு வைக்கவே கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. இப்போது நான் எந்த வீட்டுக்குப் போனாலும், முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, எரியவில்லை என்று தெரிந்த பிறகுதான் முகத்தைத் தொடுவேன். காத்திருக்கச் சொன்னால் பலருக்கு மூக்கின்மேல் கோபம் வரும். வரட்டும்.

3

மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்று. வாட்ச்மேன் என்னை ஃபோட்டோ எடுத்து, என் ஃபோனுக்கு வந்த எண்ணைக் கேட்டுச் சரிபார்த்து, சர்வீஸ் லிஃப்டைக் காட்டினான். முன்பக்கத்து லிஃப்டில் நாய்கள் போகலாம். பையோடு வருகிறவர்கள் பின்பக்கம்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நான் என் திருநெல்வேலி ஹிந்தியில் ஆரம்பித்தேன். கீழே மராத்தி, மேலே ஹிந்தி, லிஃப்டில் மௌனம் என்பது என் பழக்கம்.

"நீங்க தமிழா? அப்பாடா. உள்ள வாங்கோ" என்றார் அவர். "எனக்கில்லை. கொழந்தைக்கு. ஞாயித்துக்கிழமை சயான்ல இவளுக்கு டான்ஸ் ப்ரோக்ராம். ஃபோட்டோ, வீடியோ எல்லாம் எடுப்பா. மத்த பொண்ணுகளோட நிக்கறச்சே இவ தனியா தெரியப்படாது, பாருங்கோ. கொஞ்சம் ப்ளீச் பண்ணி ப்ரைட் ஆக்கிடுங்கோ."

சோபாவில் ஒரு பெண் உட்கார்ந்து காலைத் தூக்கி முட்டியில் வைத்து, நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் நிறம். கச்சிதமாக என் நிறம். வயது என்ன என்று அவளிடமே கேட்டேன். பன்னிரண்டு என்றாள்.

"செய்ய முடியாதும்மா" என்றேன். "சின்னப் பிள்ளைக்கு ப்ளீச் போடக்கூடாது."

"எல்லாரும் பண்றாளே."

"நான் பண்ண மாட்டேன்."

"நீங்க தொழில் பண்ண வந்திருக்கேளா, அட்வைஸ் பண்ண வந்திருக்கேளா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது நீளமானது, தாடையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். "உங்களுக்கு வேணும்னா செய்றேன், பாப்பாவுக்கு முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை மூடினேன். அந்தப் பெண் என்னையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்போ நான் போலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

சர்வீஸ் லிஃப்ட் மெதுவானது. நான் தரைக்கு வருவதற்குள் ஸ்டார் வந்துவிட்டது. ஒன்று.

4

ஸ்டாரோடு இரண்டு வரி எழுத இடம் உண்டு. பெரும்பாலும் இங்கிலீஷில் எழுதுவார்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அர்த்தம் பிடிபட நேரமாகும். அதனால் என் மகள் காவ்யாதான் படித்துச் சொல்வாள். பதினொன்றாவது படிக்கிறாள். தமிழ் பேசுவாள், அதுவும் பசிக்கும்போது. படிக்க வராது. இதை அவள் படிக்கப்போவதில்லை என்கிற தைரியத்தில்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

அன்று அவள் படித்தது இது: "மிகவும் மரியாதைக் குறைவு. வேலை செய்ய மறுத்துவிட்டாள். சிரிப்பே இல்லை. தலைக்கனம்."

படித்துவிட்டு, "மம்மி, தோடா ஸ்மைல் கர்னே மே க்யா ஜாதா ஹை?" என்றாள். கொஞ்சம் சிரித்தால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறாள். அவள் கஸ்டமர் கட்சி. பத்து வயதிலிருந்தே அப்படித்தான். அவள் வேகத்துக்கு ஹிந்தியில் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது, என்னுடைய தமிழில் சொன்னால் அவள் பாதியில் ஃபோனைப் பார்ப்பாள். அதனால் எங்கள் வீட்டில் சண்டைகள் சீக்கிரம் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் முருகேசனின் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாராவியில் தோல்பட்டறையில் இருந்தவர், அது மூடியபிறகு ஏசி ரிப்பேர் கற்றுக்கொண்டு, நான் இருக்கிற அதே கம்பெனியில் சேர்ந்தார். அவருக்கும் ஸ்டார்தான். அவரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் எங்கள் கல்யாண ஃபோட்டோவில்கூடச் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து ஏசியைப் பார்ப்பார், கழற்றுவார், மாட்டுவார், போய்விடுவார். நேரத்துக்கும் போகமாட்டார்.

அன்று சாயங்காலம் அவருக்கும் ஒன்று வந்திருந்தது. அவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது என்பதால் காவ்யாதான் படித்தாள். செம்பூரில் ஒரு வீட்டில் கேஸ் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். கேஸ் குறையவில்லை, நிரப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வேறு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார், எனக்குத் தெரியும். ஐந்து ஸ்டார். "தேவையில்லாத வேலையைச் செய்ய மறுத்துவிட்டார். வெட்டிப் பேச்சு இல்லை. நேர்மையான மனிதர். எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன்."

காவ்யா படித்து முடித்துவிட்டு ஃபோனைக் கீழே வைக்கவில்லை. மறு கையில் என் ஃபோனை எடுத்து என்னுடையதைப் படித்தாள். மறுபடி அப்பாவுடையதைப் படித்தாள்.

"பப்பா ஸ்மைல் பண்ணாரா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?" என்றார் முருகேசன்.

5

மறுநாள் காலையில் ஐடி பூட்டப்பட்டிருந்தது. அந்த ஒரு ஸ்டாரில் பிரியா கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டாள்.

கம்பெனிக்கு ஃபோன் செய்தால் முதலில் மெஷின் பேசும். ஹிந்திக்கு ஒன்று, மராத்திக்கு இரண்டு. மனுஷி வருவதற்குள் நான் சாம்பார் வைத்து இறக்கிவிட்டேன். வந்த பெண் ரொம்ப இனிமையாகப் பேசினாள். குரலிலேயே சிரிப்பு இருந்தது, அவளுக்கும் யாரோ ஸ்டார் போடுகிறார்கள் போல.

பதினெட்டு வயதுக்குக் கீழே ப்ளீச் கூடாது என்பது உங்கள் கம்பெனி விதிதானே என்று கேட்டேன். ஆமாம் மேடம் என்றாள். அதன்படிதானே நான் நடந்தேன் என்று கேட்டேன். ஆமாம் மேடம் என்றாள். பிறகு ஏன் பூட்டினீர்கள்? "பூட்டுவது சிஸ்டம் மேடம். சிஸ்டத்துக்கு ஸ்டார் மட்டும்தான் தெரியும்."

இரண்டு வழி சொன்னாள். ஒன்று, கஸ்டமரிடம் ஸாரி கேட்கலாம். மூன்று மணிக்கு அவளே லைன் போட்டுத் தருவாள். கஸ்டமர் மனம் இறங்கி ஸ்டாரை மாற்றிவிட்டால் நாளைக்கே ஐடி திறந்துவிடும். இல்லையென்றால் அந்தேரி ஆபீஸில் மறுபயிற்சி. அதற்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், பரீட்சையில் தேறவும் வேண்டும். தேறாவிட்டால் ஐடி போனது போனதுதான். மூன்று மணிக்கு லைன் போடச் சொன்னேன்.

முருகேசனுக்கு அன்று மதியம் வேலை இல்லை. "ஒரு ஸாரிதான ஏளா" என்றார். "ட்ரெயின்ல கால மிதிச்சா நான் பத்து தடவ சொல்லுதேன்."

"நீங்க மிதிச்சதுக்குச் சொல்லுதீய. நான் மிதிக்கலய" என்றேன்.

ஆனாலும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். வேலை போனால் ஆரம்பத்தில் இருந்ததுபோல மறுபடி ஏதாவது பார்லரில், நிற்க நேரமில்லாமல், முதலாளியம்மா சொல்கிற அளவுக்குப் பூச வேண்டும். அது எனக்கு முடியாது. அதனால், ஸாரி மேடம், நேற்று நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது, என்று ஆரம்பித்தேன். கண்ணாடியில் தாடைத் தழும்பு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்றால் வேறு எப்படி? சரி, பூசிவிடுகிறேன் என்றா? அழுகை வந்தது. எனக்குக் கோபம் அதிகமானால் அழுகைதான் வரும். பெண் பார்க்க வந்தவர்கள் அதைத்தான் வெட்கம் என்றார்கள்.

மூன்று மணிக்குக் கம்பெனிப் பெண் அழைத்தபோது, பயிற்சிக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முருகேசன் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

காவ்யா அன்று இரவு என்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். அப்பாவுக்கு வந்த இரண்டு வரியையும் எனக்கு வந்த இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படம் பிடித்து, இங்கிலீஷில் புகார் எழுதி, கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறாள். உடனே பதில் வந்தது. உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, குறித்துக்கொண்டோம். அதன் கீழேயே, இந்தப் பதில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டு ஐந்து ஸ்டார்கள். காவ்யா ஒன்று போட்டாள்.

6

ஐடி பூட்டியிருந்த அந்த நாட்களில் எங்கள் முறைநாள் வந்தது. இது என்ன என்று கேட்பீர்கள்.

ஜுலைகா அக்கா கடையநல்லூர்க்காரி. மாஹிம் பக்கம், தாராவி முடிகிற இடத்தில் வீடு. என்னைவிடப் பெரியவள், எனக்கு முன்பே இந்தப் பையைத் தூக்கியவள். மாதத்துக்கு ஒரு நாள் நான் அவளுக்கும் அவள் எனக்கும் கஸ்டமர். ஒரு மாதம் அவள் படுப்பாள், அடுத்த மாதம் நான். கால், கை, தலைக்கு எண்ணெய், முகம், எல்லாம் முழுசாக. வருடக்கணக்காக நடக்கிறது.

இதற்கு அக்கா வைத்த சட்டங்கள் கடுமையானவை. இரண்டு ஃபோனும் அணைந்திருக்க வேண்டும். குக்கர் விசில் அடித்தால் வேலை செய்கிறவள்தான் எழுந்துபோய் அணைக்க வேண்டும், படுத்திருப்பவள் அசையக்கூடாது. அக்காவின் மாமியார் கூப்பிட்டாலும் அப்படியே. படுத்திருப்பவள் "உனக்கு எதுக்கு சிரமம்" என்று சொன்னால் அன்றைய நாள் கணக்கில் சேராது, மறுபடி முதலிலிருந்து. முதல் தடவை என்னால் அரை மணி நேரம்கூடப் படுக்க முடியவில்லை. ஒருத்தி என் காலைப் பிடித்துக்கொண்டிருக்க நான் சும்மா கிடப்பது ஏதோ திருட்டுத்தனம் போல இருந்தது. பழக ஒரு வருடம் ஆயிற்று. இப்போது நன்றாகக் குறட்டை விடுகிறேன்.

கடைசிச் சட்டம்தான் முக்கியம். முடிந்ததும், படுத்திருந்தவள் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். நன்றாக இருந்தது என்பது செல்லாது. முகத்தைப் பற்றியும் சொல்லக்கூடாது, குணத்தைப் பற்றியும் சொல்லக்கூடாது. செய்த வேலையில் குறை. "துண்டு சூடு பத்தல." "எடது குதிகால்ல அவசரப்பட்டுட்ட." அடுத்த முறை அது திரும்ப வரக்கூடாது. நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டதில் பாதி அப்படி வந்தது.

அந்த மாதம் நான் படுக்கிற முறை. கண்ணை மூடிக்கொண்டே மாட்டுங்கா கதையைச் சொன்னேன். அக்கா என் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீ சிரிக்க மாட்டங்கிறதும் நெசந்தான், புள்ள" என்றாள். "எம் மாமியாகூட அந்தப் புள்ளைக்கு என்ன கோவம்னு கேட்டுச்சு."

"எங்க வீட்டுக்காரரும்தான் சிரிக்கல."

"அவரு ஆம்பள. அவரு சிரிச்சா ஏசிக்காரன் எதுக்கு இளிக்கான்னு கேப்பாங்க." அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ செஞ்சது சரி. நானா இருந்தாலும் பூசிருக்க மாட்டேன். ஆனா கதவச் சாத்துற வரைக்கும் பல்லக் காட்டிட்டு வந்துருப்பேன். எனக்குப் பல்லு, உனக்கு ரோசம். நமக்கு ஆளுக்கு ஒண்ணுதான் குடுத்துருக்கான்."

முடிந்ததும் குறை கேட்டாள். கட்டைவிரல் ஓரத்தில் தோல் மிச்சம் இருக்கிறது என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

7

அந்தேரி ஆபீஸில் வகுப்பு முழுக்கப் பெண்கள். பயிற்சி கொடுக்க ஒரு பையன் வந்தான், ரோஹித் என்று பெயர். புருவம் திருத்தியிருந்தான், நல்ல வேலை. ஒவ்வொருத்திக்கும் ஒரு கைக்கண்ணாடி கொடுத்தான். ஏசிக்காரர்களுக்கும் இந்தப் பயிற்சி உண்டா என்று கேட்டேன். அவர்களுக்குக் கேஸ் பிரஷரைப் பற்றி வகுப்பு என்றான்.

பல் தெரிய வேண்டும், ஈறு தெரியக்கூடாது. கதவு திறக்கும்போது ஒரு சிரிப்பு, கஸ்டமர் பணம் செலுத்தும்போது ஒன்று, "மறுபடி அழையுங்கள்" என்னும்போது ஒன்று. கம்பெனிக்கும் தரம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அதை வைத்த இடம்தான் வேறு. நான் கண்ணாடியைப் பார்த்துச் செய்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் பல் வலியா என்று கேட்டாள்.

மதியத்துக்கு மேல் பரீட்சை. வாய்மொழிக் கேள்விகள். என் முறை வந்தபோது ரோஹித் லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டான்: "கஸ்டமர் தன்னுடைய சிறு வயதுப் பெண்ணுக்கு ப்ளீச் செய்யச் சொல்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"மாட்டேன்னு சொல்லுவேன்."

"கரெக்ட். வெரி குட் பிரியா. கம்பெனி விதி அதுதான்."

"அதைச் சொன்னதுக்குத்தான் சார் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்புக்கான வகுப்பில் அப்படி ஒரு அமைதி. ரோஹித் லேப்டாப்பில் ரொம்ப நேரம் எதையோ தேடினான். நல்ல பையன்தான், முகம் சுருங்கிப்போயிற்று. "விதியை மீறியதாக உங்கள் பெயரில் எதுவும் இல்லை" என்றான் கடைசியில். "ஸ்மைல் இல்லை என்றுதான் இருக்கிறது."

தேறிவிட்டேன். பதிலுக்கு முழு மார்க், சிரிப்புக்குப் பாதி. சாயங்காலம் தாதரில் ரயில் மாறும்போது ஐடி திறந்துகொண்ட சத்தம் ஃபோனில் கேட்டது. லேடீஸ் பெட்டியில் நிற்கக்கூட இடம் இல்லை. எல்லோரும் வேலை முடிந்து வருகிறவர்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது.

8

ஐடி திறந்து சில நாள் கழித்து ஒரு அழைப்பு. பெடிக்யூர், மாட்டுங்கா. போய்ப் பார்த்தால் அதே கட்டடம். திரும்பிப் போனால் அதற்கும் தனியாக மார்க் குறைப்பார்கள். சர்வீஸ் லிஃப்டில் ஏறினேன். மேலே போகும்வரை ரோஹித் சொன்ன சிரிப்பைப் பிடித்து வைத்திருந்தேன். கதவு திறந்ததும் அது எங்கேயோ போய்விட்டது.

"நீங்களா?" என்றார் அந்த அம்மா. பிரியா என்ற பெயரில் கம்பெனியில் பல பேர் இருக்கிறோம், அவர் கவனித்திருக்க மாட்டார்.

"நான்தாம்மா. வேண்டாம்னா சொல்லிருங்க."

கொஞ்சம் யோசித்தார். "எனக்குத்தான். உள்ள வாங்கோ" என்றார்.

டப்பில் வெந்நீர் ஊற்றி, கால்களை ஊறவைத்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் புதிதாக ஒரு ஃபோட்டோ மாட்டியிருந்தது. அந்தப் பெண்தான். நாட்டிய உடையில், நெற்றிச்சுட்டியோடு, ஒரு கை நெஞ்சுக்கு நேராக, இன்னொரு கை நீட்டி. என் நிறத்தில்தான் இருந்தாள். ஃபோட்டோவில் அவளும் சிரிக்கவில்லை. ரொம்ப நன்றாக இருந்தாள். குனிந்து குதிகாலைப் பார்த்தேன்.

நான் கேட்கவில்லை. நகத்துக்குப் பாலிஷ் போடும்போது அவரே பேசினார். "நீங்க போனப்பறம் வேற ஒருத்திய கூப்ட்டேன். மராத்திக்காரி, சின்னப் பொண்ணு. அவளும் மாட்டேன்னுட்டா."

கையில் இருந்த பிரஷ் நின்றது.

"அவங்களுக்கும் ஒரு ஸ்டாரா?"

"சேச்சே. அஞ்சு குடுத்தேன்" என்றார் அவர். "அவ சிரிச்சுண்டே சொன்னாளே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோஹித்தின் சிரிப்பு இல்லை இது. வயிற்றிலிருந்து கிளம்பி, பல்லும் ஈறும் தெரிய, அடக்க அடக்க வந்தது. ஆளைப் பார்த்ததில்லை, பெயர் தெரியாது, எங்கிருந்தோ ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இதே சர்வீஸ் லிஃப்டில் ஏறி வந்து, நான் சொன்னதையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நானும் ஜுலைகா அக்காவும் மட்டும்தான் இப்படி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷமும் அதில் இருந்தது. அந்த அம்மா முதலில் என்னைப் பார்த்து முழித்தார். பிறகு அவருக்கும் என்னவோ தொற்றிக்கொண்டு, எதற்கு என்று தெரியாமலே சிரித்தார்.

கீழே வருவதற்குள் ஸ்டார் வந்துவிட்டது. ஐந்து. வீட்டில் காவ்யா படித்துச் சொன்னாள்: "நடத்தையில் நல்ல முன்னேற்றம். இப்போது மிகவும் கலகலப்பாக இருக்கிறார். அருமையான வேலை."

"மம்மி, நிஜமா சிரிச்சியா?" என்று கேட்டாள். முழுக்கத் தமிழில். பசியாகக்கூட இல்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பாதியில் ஃபோனைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் ஜுலைகா அக்கா படுக்கிற முறை. அவளிடமும் சொன்னேன். அவள் காலை அசைக்காமல் முழுக்கக் கேட்டாள். சிரித்த சிரிப்பில் கை ஆடி, அந்த அம்மாவின் இடது சுண்டுவிரலில் பாலிஷ் நகத்தை விட்டு வெளியே போய்விட்டது, அதை அவர் கவனிக்கவே இல்லை, அதற்குத்தான் ஐந்து ஸ்டார், என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"வெளிய போனத தொடச்சியா, இல்லியா?" என்று கேட்டாள்.